சிவராத்திரிக் கல்லும் முட்டிப்புல்லும்

(பாறசாலை அருகே எல்லையோரக் கிராம நூலகம் ஒன்றின் ஆண்டு விழாவில், நவம்பர் 1 மாலை ஆற்றிய சொற்பொழிவு)



வருகிற வழியில் இரண்டு ஒலிபெருக்கி கேட்டேன். களியக்காவிளையில் ஒருவர் குமரி இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். இஞ்சிவிளை தாண்டியதும் கேரளப்பிறவி வாழ்த்து. ஆட்டோவில் இருந்த எனக்கு முதல் பேச்சின் வாலும் இரண்டாம் பேச்சின் தலையும் ஒட்டிக்கொண்டு ஒரே பேச்சாகக் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை என்று நாலு தாலுக்கா சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. அங்கே அது தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். இங்கே கேரளம் பிறந்த நாள். அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம், தங்கை வீட்டில் வேறொரு விசேஷம்.

விழாக்குழு எனக்குத் தந்த தலைப்பு ‘நம் ஊர்ப் பருவங்களும் பண்டிகைகளும்’. போன் செய்த தம்பி, “சாரே, அரசியல் வேண்டாம், சந்தோஷமா ரெண்டு வார்த்தை போதும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கியபோதுதான் வம்பு புரிந்தது. எந்தப் பண்டிகையைத் தொட்டாலும் அதற்கடியில் ஒரு சண்டை கிடக்கிறது. நம்மூர்ப் பஞ்சாங்கத்தில் அரசியல் இல்லாத மாசம் ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை. தம்பி என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில் சந்தோஷத்தைப் பேசிவிடுவோம்.

நாகர்கோவில்காரருக்கு நாம் வடக்கு. திருவனந்தபுரத்தாருக்கு நாம் தெற்கு. நாமோ நம்மை நடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இஞ்சிவிளை, அமரவிளை, களியக்காவிளை: கோட்டுக்கு இந்தப் பக்கமும் விளை, அந்தப் பக்கமும் விளை. வடக்கே கப்பை என்பதை நாம் மரச்சீனி என்கிறோம், விளவங்கோட்டிலும் மரச்சீனிதான். திருக்கார்த்திகைக்குத் தெற்கே பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்து அவிப்பார்கள். இங்கே வயணை இலையைக் கூம்பாகச் சுருட்டித் தெரளி அவிப்பார்கள். இலைதான் வேறு, உள்ளே அதே அரிசிமாவும் கருப்பட்டியும். மாசி என்றாலும் கும்பம் என்றாலும் மாதம் ஒன்றே: அந்த மாதம் மண்டைக்காட்டில் கொடை, ஆற்றுகாலில் பொங்காலை. மண்டைக்காட்டில் தலைவலி தீர மண்டையப்பம் நேர்வார்கள். ஆற்றுகாலில் அதற்கு மண்டபுட்டு. தலைவலிக்கு எல்லை கிடையாது போலிருக்கிறது.

பங்குனியில், அதாவது மீனத்துப் பரணியில், கொல்லங்கோட்டுத் தூக்கம். நேர்ச்சைக் குழந்தையைக் கையில் ஏந்தித் தூக்கக்காரர் வில்லில் தொங்கி உயரப் போகும்போது கீழே நிற்கிற தாயின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் தூக்கத்தைப் பார்க்கப் போய் அந்த முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். தவக்காலத்தில் வெள்ளறடைக்குப் பக்கத்தில் குரிசுமலை ஏறுவார்கள். சித்திரா பௌர்ணமிக்குப் பத்துகாணியில் காளிமலை ஏறுவார்கள். அடுத்தடுத்த மலைகள். இரண்டு மலையிலிருந்தும் இரண்டு மாநிலம் தெரியும். ஓணம் வந்தால் தோவாளைப் பூ லாரியேறி வடக்கே போகும். பொங்கல் வந்தால் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு விடுமுறை. ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு விடுமுறை. பள்ளிக்கூட வாத்தியாராக இதைவிட நல்ல அரசாணை நான் கண்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நவராத்திரி. பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, மூவரும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். முதல் ராத்திரி குழித்துறை. மறுநாள் களியக்காவிளையில் கேரளப் போலீஸ் துப்பாக்கி உயர்த்தி மரியாதை செய்து வரவேற்கும். அன்று ராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலில் தங்கல். என்னோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார் சொல்வார்: நம்ம நாட்டில் டெபுடேஷனில் போய் ஒழுங்காகத் திரும்பி வருகிறவர்கள் இந்த மூன்று பேர்தான் என்று.

இந்தப் படத்தைத்தான் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிறோம். “எங்க ஊரில் சாதியும் கிடையாது மதமும் கிடையாது, எல்லாரும் ஒண்ணாத்தான் கொண்டாடுவோம்.” நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த நவராத்திரி ஊர்வலம் போன ரோட்டோரத்தில் ஒரு காலத்தில் யார் யார் நிற்கலாம், யார் யார் காட்டுக்குள் ஓடி மறைய வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டது ராஜாங்கம். அழித்தது யார்?

நவம்பர் 1 என்ற தேதிக்கு நம் பக்கத்தில் இன்னொரு கதை உண்டு. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. இனி சமய வழக்கங்களில் சர்க்கார் தலையிடாது என்று அதில் இருந்தது. தென் திருவிதாங்கூரின் மேல்சாதிக்காரர்கள் இதைத் தங்களுக்கு வேண்டிய மாதிரிப் படித்தார்கள். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவது வழக்கத்துக்கு விரோதம். இனி வெள்ளைக்காரன் கேட்க மாட்டான். அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் சந்தைகளில், தெருக்களில் பெண்களின் மேல்சீலை கிழிக்கப்பட்டது. 1820களில் தொடங்கிய தோள்சீலைக் கலகத்தின் கடைசிச் சுற்று அது. சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் போட்டார். சட்டை போடலாம், முரட்டுத் துணி கட்டலாம், முக்குவப் பெண்கள் கட்டுகிற மாதிரிக் கட்டலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது. உரிமை கொடுக்கும்போதும் ஒரு முழம் குறைத்துக் கொடுத்தார்கள். என் பாட்டியின் பாட்டி காலம். எங்கள் வீட்டில் இந்தக் கதையைப் பெண்கள்தான் சொல்வார்கள். ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

இனி சிவராத்திரிக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததே இதற்குத்தான்.

மகா சிவராத்திரி அன்று பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுக்காக்களில் சிவாலய ஓட்டம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற 12 சிவன் கோவில். காவி வேட்டியும் கையில் விசிறியுமாகக் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் விஷ்ணு பெயரைச் சொல்லி ஓடுகிற அழகு வேறெங்கே உண்டு? இன்று யார் வேண்டுமானாலும் ஓடலாம், எந்தக் கோவில் நடையிலும் நிற்கலாம். 1936 நவம்பர் 12 அன்று கோவில் பிரவேச விளம்பரம் வருகிற வரைக்கும் அப்படி இல்லை. ஈழவருக்கும் நாடாருக்கும் புலையருக்கும் பறையருக்கும் அந்த நடைகள் அடைத்துக் கிடந்தன.

1888. அதே சிவராத்திரி. தெற்கே ஓட்டம் நடந்துகொண்டிருக்கிற அந்த ராத்திரியில், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில், நெய்யாற்றுக் கரையில் ஒரு ஈழவர் நிற்கிறார். வயது முப்பத்துச் சொச்சம். ஆற்றில் சங்கரன் குழி என்ற கயத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வருகிறார். கரைப் பாறையில் நிறுத்துகிறார். சிவன் ஆகிவிட்டது. பிரதிஷ்டை செய்ய உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டவர்களிடம், நான் நிறுவியது ஈழவச் சிவனை என்று பதில் சொன்னதாக ஊரில் சொல்வார்கள். நம்முடைய சிவன் என்று சொன்னதாகவும் ஒரு பாடம் உண்டு. நாராயண குரு இதில் எதைச் சொல்லியிருந்தாலும், தந்திரி கையில் இருந்த சாவி அன்றோடு பாதி துருப்பிடித்துவிட்டது.

அவர் மலையாளிகளின் குரு, நமக்கென்ன என்று களியக்காவிளைக்குத் தெற்கே சிலர் நினைக்கிறார்கள். அவருக்கு யோகம் கற்பித்த தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் தமிழர். குரு தவமிருந்தது கன்னியாகுமரிப் பக்கத்து மருந்துவாழ் மலையில். தமிழில் தேவாரப் பதிகமே பாடியிருக்கிறார். தேவாரம் தெரிந்த கைதான் ஆற்றுக்குள் போய்க் கல்லை எடுத்தது.

கல்லை நிறுத்தச் சிவராத்திரியை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். வேறொரு நாளில் அமைதியாகச் செய்திருக்கலாம். தங்களுக்கு அடைத்த நடைகளில் மற்றவர்கள் ஓடிக் கும்பிடுகிற ராத்திரியில் செய்தார். விரதமும் விழிப்பும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிற ராத்திரி; நடை மட்டும் சிலருக்கு. பண்டிகை நாளில்தான் அடைத்த நடை கண்ணை உறுத்தும். சாதாரண நாளில் அது பழகிப்போன சுவர். அருவிப்புறத்தில் பூசைக்காக உண்டான வாவூட்டு யோகத்திலிருந்துதான் 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன (எஸ்.என்.டி.பி.) யோகம் பிறந்தது. ஒரு சிவராத்திரிக் கல்லிலிருந்து முளைத்த சங்கம் கேரளத்து அரசியலையே மாற்றியது.

கல்லை விட்டு இனி முட்டிப்புல்லுக்கு வருகிறேன். அய்யன்காளி பிறந்தது 1863இல், இதே நெய்யாற்றின்கரை தாலுக்காவில், வெங்ஙானூரில். புலையர். 1893இல் வில்லுவண்டி வாங்கி, வெள்ளைக் காளை பூட்டி, மணி கட்டி, புலையர் நடக்கக்கூடாத ராஜபாதையில் ஓட்டிப்போனார். அதே 1893இல் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நிறத்தைப் பார்த்து இறக்கினார்கள். அதை நம் பிள்ளைகள் நாலாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். இங்கே நிறம் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பெயர் கேட்டால் போதும். அந்தப் பாடம் வர எட்டாம் வகுப்பு ஆகிறது, சில பிள்ளைகளுக்கு வருவதே இல்லை.

அய்யன்காளி பள்ளிக்கூடம் கேட்டார். 1910களில் ஊருட்டம்பலத்துப் பள்ளிக்குப் பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமியைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். புலையச் சிறுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். ஊர் ஊராகக் கலகம்.

தீயைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேலைநிறுத்தம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் முட்டிப்புல்தான் முளைக்கும் என்று அய்யன்காளி சொன்னதாக இன்றும் சொல்வார்கள். நடவுப் பருவத்தில் வயலில் இறங்க ஆளில்லை. கூலிக்காக மட்டும் நடந்த மறியல் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்காக விவசாயக் கூலிகள் வயலை விட்டு ஏறி நின்ற மறியல் அது. நிலக்காரர்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்து, முதுகு பிடித்துக் கரையேறினார்கள். பட்டினி கிடந்த புலையர்களுக்கு விழிஞ்ஞத்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் ஆளுக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். பங்கு வைக்கக் கடல் இருந்ததால் வயல் தோற்றது. கடைசியில் மாஜிஸ்ட்ரேட் கண்டளை நாகம் பிள்ளை நடுவில் நின்று தீர்த்துவைத்தார்.

விவசாயிக்குப் பருவம் என்பது பண்டிகையின் தாய். நட்டால்தான் அறுப்பு, அறுத்தால்தான் ஓணம். அய்யன்காளி கைவைத்தது பருவத்தின் மேல். நடவு தப்பினால் அந்த வருஷம் நிலக்காரன் வீட்டு ஓணம் பொய்யாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் சேற்றில் நின்றவர்.

இந்த இடத்தில் நமக்குக் கூச்சமான ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. நெய்யாற்றின்கரைக்காரர், 1878இல் பிறந்தவர். திவானையும் அரண்மனையையும் எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று நாடு கடத்தப்பட்டார். அச்சகத்தையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கார்ல் மார்க்ஸைப் பற்றி 1912இலேயே மலையாளத்தில் புத்தகம் எழுதியவர். பத்திரிகைச் சுதந்திரம் என்றால் கேரளம் முதலில் எழுந்து நின்று சொல்கிற பெயர். அதே 1910இல், புலையப் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று எழுதியவரும் இவர்தான். தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிரிட்டவர்களும் நிலத்தைப் பயிரிட்டவர்களும் ஒன்றாகமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

அவர் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காலம் ஒன்றுதான், தாலுக்காவும் ஒன்றுதான். அய்யன்காளியும் அதே காலத்தில் அங்கேதான் இருந்தார். ராஜாவிடம் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவருக்கு, தன் வீட்டு முற்றத்துக்கு அப்பால் நிற்கிறவனின் கேள்வி காதில் விழவில்லை. தலைநகரில் இருவருக்கும் சிலை இருக்கிறது: பிள்ளைக்குப் பாளையத்தில், அய்யன்காளிக்கு வெள்ளையம்பலத்தில். இரண்டுக்கும் மாலை போடுகிற தலைவர்கள் உண்டு. இருவரையும் கும்பிட வேண்டுமானால் கும்பிடுங்கள். அந்தத் தலையங்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கும்பிடுங்கள்.

1956 பற்றி அதிகம் பேசப்போவதில்லை. களியக்காவிளை ஒலிபெருக்கி இன்னும் ஓயவில்லை, அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, தேவிகுளம் பீர்மேட்டையும் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று அவர் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே சொன்னார். மொழிப் போராட்டம் என்று எழுதுகிறார்கள். மொழியும் இருந்தது. அதனடியில் தோள்சீலையின் ஞாபகமும் இருந்தது, நிலக்காரன் மலையாளம் பேசினான் என்ற கசப்பும் இருந்தது. சாதியை விட்டுவிட்டு அந்தப் போராட்டத்தை எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள். சாதிச் சண்டை மட்டும்தான் என்று இங்கே எழுதினவர்கள் மற்றப் பாதியை விழுங்கினார்கள்.

பிரித்ததில் நமக்குக் கிடைத்த பரிசு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டப்பெயர். திருவனந்தபுரத்தில் படிக்கப் போனபோது ஹாஸ்டலில் என்னைப் பாண்டி என்றார்கள். என் கறுப்பும் என் உச்சரிப்பும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. நாகர்கோவிலில் சில மாதம் வேலை பார்த்தபோது மலையாளத்தான் என்றார்கள். மூர்க்கன் பாம்பையும் தெக்கனையும் சேர்ந்து கண்டால் தெக்கனை முதலில் அடி என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. நம் பேச்சு சினிமாவுக்கு வருவதும் சிரிப்புக்காகத்தான். 2005இல் வந்த ‘ராஜமாணிக்யம்’ படத்தில் மம்மூட்டி நம் வழக்கில் பேசினார். நாமும் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம். பெருமையா, கேலியா என்று எனக்கு இன்றும் தீர்மானமில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது ஒரு சர்டிபிகேட் கதை. என் பெரியம்மையைப் பளுகலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நடந்துபோகிற தூரம், ஆனால் தமிழ்நாடு. அவர் பேரன் தாலுக்கா ஆபீசில் சாதிச் சான்று வாங்கினால் கிறிஸ்தவ நாடார், பிற்படுத்தப்பட்டோர். முடிந்தது. என் பேரன் நெய்யாற்றின்கரையில் கேட்டால் எந்தச் சபை என்று முதல் கேள்வி. இங்கே பட்டியலில் இருந்தது இந்து நாடாரும், எஸ்.ஐ.யு.சி. நாடாரும். தென்னிந்திய ஐக்கிய சபை என்று விரியும். 1908இல் உண்டான சபை. 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ.யில் கலந்து இல்லாமலே போனது. கரைந்துபோன ஒரு சபையின் பெயர் மாநிலப் பிரிவினையையும் தாண்டி, தாலுக்கா ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பில் உயிரோடு இருந்தது. மற்றச் சபைகளில் இருந்த நாடார் பொதுப்பிரிவு. ஒரே ரத்தம், ஒரே பனை, ஒரே தோள்சீலைக் கதை; ஞாயிற்றுக்கிழமை எந்தக் கதவு வழியாக நுழைகிறான் என்பதில் வேலைவாய்ப்பு இருந்தது.

2021 பிப்ரவரியில், சட்டசபைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது, எஸ்.ஐ.யு.சி. அல்லாத கிறிஸ்தவ நாடார்களையும் சேர்த்து அரசு ஆணை போட்டது. அதே வருஷம் உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அரசியல் சட்டத்தின் 102ஆம் திருத்தத்துக்குப் பிறகு பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று மராத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகஸ்டில் 105ஆம் திருத்தம் வந்து அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதெல்லாம் டெல்லியில் நடக்கும்போது, இங்கே ஒரு பையன் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை எண்ணிக்கொண்டிருந்தான். நாடார் வாக்கு எவ்வளவு என்று தேர்தலுக்குத் தேர்தல் எண்ணுகிற கட்சிக்காரர்கள் அந்தப் பையனை எண்ணினார்களா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

சரி, நம்மை மட்டும் நல்லவர்களாக வைத்துப் பேசிவிட்டுப் போவது எளிது. ஒரு கிறிஸ்துமஸ் கதை சொல்லி முடிக்கிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் சபையின் கரோல் சங்கத்தில் முரசு தூக்குகிறவன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லப்போவதில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஓலை நட்சத்திரமுமாக வீடு வீடாகப் போவோம். மலையாளத்தில் ஒரு பாட்டு, தமிழில் ஒரு பாட்டு. கட்டஞ்சாயாவும் மரச்சீனியும் கிடைக்கும். எங்கள் சபையில் புலையக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீடுகள் ஒரு மேட்டுக்கு அப்பால். மேட்டடி வரை போவோம், திரும்பிவிடுவோம். ஏன் அண்ணாச்சி என்று கேட்டால், “மேண்டில் உதிர்ந்துபோவும் மக்கா, மேடு” என்பார் மூத்தவர். எல்லா வருஷமும் அதே மேண்டில். பெட்ரோமாக்ஸ் போய் எமர்ஜென்சி விளக்கு வந்தது. அதில் உதிர மேண்டில் இல்லை. அப்போதும் திரும்பினோம்.

பிறகு ஒரு வருஷம், நான் வாத்தியாராகிவிட்ட காலம், அந்த மேட்டிலிருந்து அவர்களே கரோல் இறங்கி வந்தார்கள். நல்ல தாளம், எங்களைவிட நன்றாகப் பாடினார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பதற்றம். சாயா கொடுக்க வேண்டும், எதில் கொடுப்பது? அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்குப் பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப், எனக்கும் அதில்தான். என் அம்மை நிம்மதியாக மூச்சுவிட்டதை நான் பார்த்தேன். தோள்சீலைக்கு அடிபட்டவர்களின் வம்சத்துப் பெண். அடிபட்ட ஞாபகம் வாய்வழியாக வந்துவிடுகிறது. அடிக்கிற பழக்கத்துக்கு வாயே வேண்டியிருக்கவில்லை. கப்பில் ஒளிந்து வந்துவிட்டது.

அந்த மேட்டுக்கு ஊரில் எல்லோரும் சொன்ன பெயர் காலனி. 2024 ஜூனில் கேரள அரசு அந்தச் சொல்லை நீக்கச் சொன்னது. இனி நகர், உன்னதி, பிரகிருதி. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சரும் அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். தண்ணீர் விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு சர்க்கார்; நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் 2004க்குப் பிறகு விளவங்கோட்டுக்குத் தண்ணீரே போகவில்லை. இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். சொல்லை நீக்கியது நல்ல காரியம், குறைசொல்லமாட்டேன். பஸ் கண்டக்டர் இன்னும் அங்கே நிறுத்தும்போது பழைய பெயரைத்தான் கூப்பிடுகிறார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். பண்டிகையில் அரசியல் கலந்தால் 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து கிறிஸ்தவக் கலவரம்தான் நடக்கும் என்பார்கள். கொடை நாளில் துப்பாக்கிச்சூடு, பிறகு கடலோரமெல்லாம் தீ, அப்புறம் வேணுகோபால் விசாரணை ஆணையம். உண்மை. ஆனால் மண்டைக்காட்டில் கலந்தது, பக்கத்து வீட்டுக்காரனை வெளியே தள்ளுகிற அரசியல். அருவிப்புறத்தில் நடந்தது வெளியே நின்றவனுக்கு இடம் கேட்கிற அரசியல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து இரண்டையும் வேண்டாம் என்பவர்கள், பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள். போன் செய்த தம்பியைச் சொல்லவில்லை, அவர் நல்ல பையன்.

இந்த நூலகம் வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறது. கோவளம் போனீர்கள், பத்மநாபபுரம் அரண்மனை போனீர்கள். இந்த வருஷம் ஊருட்டம்பலம் போங்கள். பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை போகிற வழி. 2022இலிருந்து அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைய தீயில் கருகிய பெஞ்சு ஒன்றை அங்கே இன்னும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்துங்கள். அந்த மேட்டுப் பிள்ளைகளையும் மறக்காமல் வண்டியில் ஏற்றுங்கள். வண்டிக் கூலியில் பாதி நான் தருகிறேன்.